ஆடி முடிவதற்குள்

என் பாஸ்போர்ட்டில் இருந்த படத்தைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். இரட்டைச் சடை, எண்ணெய் வழியும் நெற்றி, யாரோ அதட்டியதுபோல் விழித்த கண்கள். அப்போது எனக்குப் பதினான்கு வயது. நுவரெலியா டவுனில் ஒரு ஸ்டூடியோவுக்கு அப்பா எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். இலங்கைப் பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டுவிட்டுப் பதில் வராமல் காத்திருந்து அவருக்கு அலுத்துப் போயிருந்தது. "இவங்க நம்மள வேணாங்கிறாங்க. நம்ம ஊர்லயே போய்க் கெடப்போம்" என்று சொல்லி அவருக்கும் அம்மாவுக்கும் எனக்கும் இந்தியப் பாஸ்போர்ட் எடுத்தார்.

எடுத்தவர் உடனே கிளம்பினாரா என்றால் இல்லை. ஒவ்வொரு தீபாவளிக்கும் "இங்க இதுதான் கடைசித் தீபாவளி" என்பார். அடுத்த தீபாவளிக்கும் கொத்மலைப் பக்கத்துத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான அதே லயத்தில், அதே ஒற்றை அறைக் காம்பராவில் உட்கார்ந்துகொண்டு அதையேதான் சொல்வார். பாஸ்போர்ட்டின் ஆயுசு முடியப்போகிற நேரத்தில்தான் அவருக்கு உறைத்தது. உறைத்த பிறகு எல்லாவற்றிலும் அவசரம். ஆனி மாதத்தில் எனக்குக் கல்யாணம், ஆடி பிறப்பதற்குள் கப்பல் என்று முடிவு செய்துவிட்டார். எங்கள் மூன்று பேர் பாஸ்போர்ட்டும் ஆவணி பின்பாதியில் காலாவதியாகும். "கப்பல் ஏறி எறங்குற வரைக்கும் இருந்தாப் போதும்ல" என்றார். ஒரேயடியாகப் போகிறவருக்கு அது போதும்தான்.

மாப்பிள்ளை வேறு யாருமில்லை, அப்பாவின் தங்கை மகன். அக்கரப்பத்தனையில் ஒரு தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. நான் சின்ன வயதிலிருந்து மச்சான் என்று கூப்பிட்டுப் பழகியவர், அதிகம் பேசாதவர். அவர் பேசாததையெல்லாம் சேர்த்து அத்தை பேசிவிடும். அப்பாவும் அத்தையும் ஒரே அச்சில் வார்த்தவர்கள். ஒன்றை நினைத்துவிட்டால் மலையே உருண்டு வந்தாலும் மாற மாட்டார்கள். இரண்டு பேரும் ஒரே விஷயத்தை நினைத்துவிட்டால் நடுவில் மாட்டிக்கொள்கிறவர்களின் கதி அதோகதிதான். அந்த வருஷம் நடுவில் மாட்டிக்கொண்டது நான்.

அந்த ஒரே விஷயம் ஆடி. புதுப்பெண் ஆடி மாதத்தில் புருஷன் வீட்டில் இருக்கக் கூடாது. ஆடியில் கரு தங்கினால் சித்திரையில் பிள்ளை பிறக்கும், சித்திரைப் பிள்ளை குடும்பத்துக்கு ஆகாது என்பார்கள். அதனால் பெண்ணை அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பக்கத்துத் தோட்டம் என்றால் காலையில் கிளம்பி மத்தியானம் போய்ச் சேரலாம். எனக்கோ அம்மா வீடே கிளம்பிக்கொண்டிருந்தது. எங்கள் காம்பராவை நிர்வாகம் அதற்குள் வேறு குடும்பத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டது.

"அதுக்கென்ன? அப்பன் ஆத்தாளோட அவளும் கப்பல்ல போவட்டும். புது வீட்டப் பாத்துட்டு ஆவணி பொறந்து வரட்டும்" என்றது அத்தை.

மச்சான் மெதுவாகச் சொன்னார். "பாஸ்போர்ட்டு முடியப் போவுதும்மா. கண்டியில இந்தியா ஆபீசுல குடுத்துப் புதுப்பிச்சிட்டுப் போவட்டும்."

"எத்தன நாளாவும்?"

"ஆடி தாண்டிரும்."

"அப்ப ஆடி முழுக்க இவ இந்த வீட்டுலயா இருப்பா? நல்லாருக்கே நியாயம்!"

அதோடு பேச்சு முடிந்தது. மச்சான் தோட்டத்து ஆபீசின் பெரிய கிளாக்கரைப் பிடித்து, நான் திரும்பி வருவதற்கான அனுமதியைக் கொழும்பிலிருந்து எழுதி வாங்கினார். அந்த நாளில் எங்களுக்குப் போவது சுலபம், வருவதுதான் கஷ்டம். பாஸ்போர்ட்டில் அந்த அனுமதி முத்திரை இல்லாமல் கடல் தாண்டியவர்கள் அங்கேயே நின்றுவிட்டார்கள். எங்கள் மலைக்கு எதிர் மலையில் ஒருத்தி தங்கை கல்யாணத்துக்கென்று போனவள். அவள் அங்கே, புருஷன் இங்கே. அவன் தானே சமைத்துத் தின்றுகொண்டிருந்தான். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அவன் காம்பராவிலிருந்து கருகல் வாடை வரும்.

முத்திரை குத்தி வந்த பாஸ்போர்ட்டைக் கிளாக்கர் ஐயா ஆபீஸ் வாசலில் வைத்து எங்களுக்குப் படித்துக் காட்டினார். நல்ல மனுஷர், தோட்டத்தில் யாருக்கு இங்கிலீஷ் கடிதம் வந்தாலும் அவர்தான் படிப்பார். "பாஸ்போர்ட்டு இருக்கிற வரைக்கும் இதுவும் இருக்கு. ஆவணி பொறந்து பத்து நாள் இருந்துட்டுக்கூட வரலாம், பயப்படாதம்மா" என்றார். முத்திரைக்குக் கீழே பொடி எழுத்தில் இன்னும் ஒரு வரி இங்கிலீஷில் இருந்தது. தேதியைப் பார்த்த சந்தோஷத்தில் அவர் அதைப் பார்க்கவில்லை. எனக்கு இங்கிலீஷ் தெரியாது. மச்சானுக்கும் தெரியாது.

தலவாக்கலையில் ரயில் ஏறும்போது மச்சான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ரயில் நகர்ந்த பிறகும் கையை எடுக்காமல் கூடவே நடந்தார். "வந்துருவல்ல?" என்று கேட்டார். பத்து நாள் முன்புதான் தாலி கட்டிய மனுஷர். எனக்குக் கோபம்தான் வந்தது. வர மாட்டேனா பின்னே என்று கத்த நினைத்தேன். அதற்குள் பிளாட்பாரம் முடிந்துவிட்டது.

தலைமன்னார்த் துறையில் அதிகாரி ஒருவர் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். சிங்களவர், நடுத்தர வயது. அப்பா, அம்மா பாஸ்போர்ட்டை ஒரு புரட்டில் முடித்துவிட்டார். திரும்பி வராதவர்களிடம் கேட்க என்ன இருக்கிறது? என்னுடையதை எடுத்ததும் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கழுத்தில் கிடந்த புதுத் தாலியைப் பார்த்தார். பிறகு முத்திரைக்குக் கீழே இருந்த பொடி வரியில் விரலை வைத்தார்.

"தங்கச்சி, எப்ப திரும்பி வாறது?"

"ஆவணி பொறந்ததும்" என்று அப்பா முந்திக்கொண்டார்.

"சரி வராது" என்றார் அவர். "புத்தகத்துல ஒரு மாசம் மிச்சம் இருக்க வேணும். ஒரு மாசம் இல்லாட்டி, இங்க எறக்க ஏலாது. இந்தா எழுதி இருக்கு."

விரலை மடக்கிக் கணக்குப் பார்த்து, ஒரு தேதியைச் சொல்லி, எங்களுக்கு மறக்காமல் இருக்க அதை ஒரு துண்டுத் தாளில் பெரிதாக எழுதியும் கொடுத்தார். அம்மா மடியிலிருந்து பஞ்சாங்கத்தை எடுத்துப் பார்த்தாள். ஆடி முடிய இன்னும் சில நாள் பாக்கி இருக்கும்போதே அந்தத் தேதி வந்து போய்விடுகிறது.

"பாஸ்போர்ட்டு ஆவணி வரைக்கும் இருக்குதுங்களே?" என்று அப்பா விடாமல் கேட்டார். "இருக்கிற பாஸ்போர்ட்டு எப்படிங்க செல்லாமப் போவும்?"

அதிகாரி சலித்துக்கொள்ளாமல் பதில் சொன்னார். "உள்ளுக்கு வந்த பொறவு புத்தகம் செத்துப் போனா, திருப்பி அனுப்ப வழி இல்ல. எந்த நாடும் எடுக்காது. அதுக்குத்தான் ஒரு மாசம்."

அதைக் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. நான் என் புருஷன் வீட்டுக்குத் திரும்பி வருவதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டிருக்கிறோம். அந்த வரியை எழுதினவர்களோ என்னை எப்படித் திருப்பி அனுப்புவது என்று யோசித்திருக்கிறார்கள். வீட்டு மருமகளுக்கும் வந்து போகிற விருந்தாளிக்கும் அந்தச் சட்டத்துக்கு வித்தியாசம் தெரியவில்லை. அப்போதே, அந்த இடத்திலேயே, நான் போகவில்லை, திரும்பி மலைக்கே போகிறேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அப்பா டிக்கெட்டோடு முன்னால் நடந்துவிட்டார். மூட்டை முடிச்சோடு அம்மா பின்னால். நானும் நடந்தேன்.

கப்பலில் அப்பா சொன்னார்: "அச்சடிச்ச தேதிய விட்டுட்டு, எவனோ துண்டுக் காயிதத்துல எழுதுனத நம்பச் சொல்றியா? ஆவணியில நல்ல நாள் பாத்து நானே கொண்டாந்து விடுறேன்."

முசிறிப் பக்கத்தில் அப்பாவின் ஊர். ஊர் என்று சொல்கிறேன், அப்பாவே அதை ஆறு வயதுக்குப் பிறகு பார்த்ததில்லை. எங்களுக்குக் கிடைத்த வீடு சித்தப்பா வீட்டின் பின்கட்டு. வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். மலையில் ஆடி மாதம் என்றால் விடாத மழை, கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு கொழுந்து பறிக்க வேண்டும். இங்கே காலை ஒன்பது மணிக்கே தரை காலைச் சுட்டது. தெருப் பிள்ளைகள் "கண்டிச் சீமைக்காரி" என்று என்னைப் பார்க்க வரிசையாக வந்து நிற்கும். இலங்கையில் நாங்கள் இந்தியாக்காரர்கள், இந்தியாவில் கண்டிக்காரர்கள். நல்ல வேடிக்கை.

அந்த வீட்டில் எனக்கு ஒரு நிமிஷம் இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருப்பேன், எழுந்தால் வாசலுக்குப் போவேன், வாசலில் வெயில் அடித்தால் திரும்பி வருவேன். டிரங்குப் பெட்டியைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்ப்பேன், மூடுவேன், மறுபடி திறப்பேன். ஏதோ நான் பார்க்காத நேரத்தில் தேதி தானாக நகர்ந்துவிடும் என்பதுபோல. ஆடிப் பெருக்கன்று எல்லோரும் காவிரிக் கரையில் சித்திரான்னம் தின்றுகொண்டிருக்க, நான் தண்ணீர் ஓடுகிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இது கடலுக்குத்தானே போகிறது, என்னையும் கொண்டுபோனால் என்ன என்று இருந்தது.

அப்பாவிடம் கேட்டேன். கெஞ்சினேன். ஒரு நாள் சண்டையே போட்டேன்.

"ஆடியில பொண்ண வழியனுப்புனான்னு ஊரு காறித் துப்பும்" என்றார்.

"அப்புறம் நான் போவவே முடியாதுப்பா. அந்த ஆளு சொன்னது ஒங்க காதுலயும்தான் விழுந்துச்சு."

"போவ முடியலன்னா மாப்பிள்ள இங்க வரட்டும். அவனுக்கும் இதுதான ஊரு?"

மச்சானுக்கு அது ஊரா? அவர் பிறந்தது, வளர்ந்தது, அவருடைய அப்பாவைப் புதைத்தது எல்லாம் மலையில். அதுவும் இல்லாமல் அவர் இலங்கைப் பிரஜாவுரிமைக்குப் போட்ட மனு இன்னும் நிலுவையில் இருந்தது. அவர் இந்தியாவுக்கு வந்தால் அந்த மனு செத்துப்போகும். நான் போகாவிட்டால் நாங்கள் இரண்டு பேரும் எதிர் மலைக்காரனையும் அவன் பெண்டாட்டியையும் போல ஆளுக்கொரு கரையில் நிற்க வேண்டியதுதான். அப்பாவிடம் இதைச் சொன்னேன். நாள் பார்க்கிறேன் என்று பஞ்சாங்கத்தைத் திறந்துகொண்டார்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டு அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அப்பா சொல்லுக்கு மறுசொல் சொல்லி அறியாதவள். தேதிக்குச் சில நாள் இருக்கும்போது, ஒரு வியாழக்கிழமை சாயந்திரம், முறத்தைக் கீழே வைத்துவிட்டு அப்பாவிடம் சொன்னாள்.

"நாளைக்கு ஆடி வெள்ளிங்க. சமயபுரத்து அம்மனுக்கு நேந்துகிட்டிருக்கேன். நானும் புள்ளயும் போயிட்டு வந்துர்றோம்."

அப்பா தலையசைத்தார். ஆடி வெள்ளிக்குக் கோயிலுக்குப் போகாதே என்று எந்த ஆண்பிள்ளை சொல்வான்?

விடிவதற்கு முன்பே வண்டி பிடித்தோம். கோயிலுக்குப் போகிறவர்கள் டிரங்குப் பெட்டி தூக்கிக்கொண்டு போக முடியாது. ஒரு பூஜைக் கூடை மட்டும்தான். மேலே தேங்காய், வாழைப்பழம், வேப்பிலை. அடியில் ஒரு மாற்றுப் புடவை, அதற்குள் பாஸ்போர்ட். திருச்சியில் இறங்கியதும் அம்மா சமயபுரம் பஸ்ஸின் பக்கமே திரும்பவில்லை. நேராக ரயில் ஜங்ஷனுக்குள் நடந்தாள். எனக்கு அப்போதுதான் புரிந்தது. தனுஷ்கோடிக்குப் போகிற போட் மெயில் வந்து நின்றதும், பெண்கள் பெட்டியாகப் பார்த்து என்னை உள்ளே தள்ளினாள்.

"அம்மனுக்கு நேந்துகிட்டேன்னு சொன்னியேம்மா" என்றேன். 

"அவ நம்ம வீட்டு மனுஷிதான், சொன்னாக் கேப்பா. ஒங்கப்பன்தான் கேக்க மாட்டான்." கூடையைச் சரிசெய்து கொடுத்தாள். "பழத்த வழியில தின்னு. வெறும் வயித்தோட கப்பல் ஏறாத."

அப்பா எப்படிக் கேட்டார், அம்மா என்ன சொன்னாள் என்பதெல்லாம் பின்னால் கடிதத்தில் தெரிந்தது. "பொண்ணு எங்கடி?" என்று அப்பா கேட்டாராம். "அம்மன்கிட்ட விட்டுட்டு வந்தேன்" என்றாளாம். அதற்கு மேல் ஆவணி பிறக்கும்வரை வீட்டில் பேச்சே இல்லையாம்.

வழியில் மண்டபம் முகாமில் என்னை நிறுத்திவிட்டார்கள். இலங்கைக்குப் போகிறவர்கள் அம்மை குத்திய சீட்டுக் காட்ட வேண்டும். என் சீட்டு டிரங்குப் பெட்டியில், முசிறியில் இருந்தது. மறுபடி குத்தினார்கள். குத்திவிட்டு உடனே விட மாட்டோம், இருந்து போ என்றார்கள். எனக்கு அந்த முகாமில் உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. கம்பிவேலி ஓரமாக நடந்துகொண்டே இருந்தேன். கடைசியில் அங்கிருந்த நர்சம்மா "இந்தப் பொண்ணு நடக்குற நடையில வேலியே தேஞ்சிரும் போல, அனுப்பி விடுங்க" என்று சொன்ன பிறகுதான் சீட்டு கையில் வந்தது. அதிகாரி எழுதிக் கொடுத்த தேதி மறுநாள்.

மறுநாள் கப்பலில் வந்தேன். தலைமன்னாரில் அதே மேசை, வேறு அதிகாரி. என் பாஸ்போர்ட்டைத் திறந்தார். வேப்பிலை ஒன்று ஒட்டியிருந்தது. வாழைப்பழம் நசுங்கி அட்டை பிசுபிசுத்தது. இரட்டைச் சடைப் பெண்ணைப் பார்த்தார். தகப்பன் பெயரைப் படித்தார். கல்யாணமானவளா, புருஷன் யார், எந்தத் தோட்டம் என்று கேட்டார். பொடி வரியைப் படித்தார். நாட்காட்டியைப் பார்த்தார். நான் அவர் கையையே பார்த்தேன். அந்தக் கை முத்திரைக் கட்டையை எடுக்கிறதா, பாஸ்போர்ட்டை மூடுகிறதா என்பதில்தான் என் குடித்தனம் இருந்தது.

கட்டையை எடுத்தார். குத்தினார். "இன்னைக்கு வந்தது நல்லது" என்று மட்டும் சொன்னார். நான் அங்கேயே, எல்லோர் முன்னாலும், சத்தமாக அழுதேன். வெட்கமெல்லாம் பிறகுதான் வந்தது.

பொல்காவலையில் ரயில் மாறி, தலவாக்கலையில் பஸ் பிடித்து, கடைசி ஏற்றத்தை நடந்து ஏறினேன். மழை கொட்டியது. புடவை உடம்போடு ஒட்டிக்கொண்டு, கையில் பூஜைக் கூடையோடு, லயத்து வாசலில் போய் நின்றேன். ஒரு நாட்டின் கதவு திறந்துவிட்டது, இனி என்ன என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அத்தை வாசலை மறித்துக்கொண்டு நின்றது.

"ஆடி முடியலயே. எங்க வந்த?"

நான் நடந்ததையெல்லாம் அங்கே நின்றே சொன்னேன். பொடி வரி, ஒரு மாசம், கோயில், மண்டபம், எல்லாம். தண்ணீர் என் தலையிலிருந்து சொட்டிக்கொண்டே இருந்தது. அக்கம்பக்கத்துக் காம்பராக்களிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன. மச்சான் தொழிற்சாலையில் வேலையில் இருந்தார்.

அத்தை எல்லாவற்றையும் கேட்டது. முகம் ஒரு மாதிரி ஆனது. ஆனால் வாசலை விட்டு நகரவில்லை. "வந்தது சரி. இந்தப் படிய மட்டும் இப்ப மிதிக்காத" என்றது. கடல் தாண்டி வந்தவளுக்கு அந்த ஒரு படியைத் தாண்ட முடியவில்லை. ஆத்திரத்தில் பல்லைக் கடித்துக்கொண்டேன். கூடையைத் தூக்கி எறிந்துவிட்டு எங்கேயாவது போகலாம் என்றால், எனக்கு எந்த இடம் இருந்தது?

அத்தை உள்ளே போய்த் தன் கம்பளியை எடுத்து வந்து என் தலையில் போட்டது. என் கையைப் பிடித்து லயத்தின் கடைசிக்கு இழுத்துக்கொண்டு போனது. அங்கேதான் பிள்ளைக் காம்பரா இருந்தது. வேலைக்குப் போகிற பெண்கள் தங்கள் கைக்குழந்தைகளை விட்டுப் போகிற இடம். பகலில் சேலைத் தொட்டில்களாக ஏணைகள் ஆடும், சாயந்திரம் காலியாகிவிடும். அதைப் பார்த்துக்கொள்கிற ஆயாவிடம் அத்தை சொன்னது: "ஆடி முடியிற வரைக்கும் இவ இங்க இருக்கட்டும்."

பிள்ளை உண்டாகக் கூடாது என்று விலக்கி வைத்த என்னை, ஊர்ப் பிள்ளைகளின் ஏணைகளுக்கு நடுவில் கொண்டுபோய் உட்கார வைத்தது. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

அடுத்த நாள் காலை அத்தை வந்தது. தட்டில் வெற்றிலை பாக்கு, ஒரு சீப்புப் பழம், புதுப் புடவை. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"என்ன பாக்குற? ஆடிச் சீரு" என்றது. "ஒங்கப்பன் கடலுக்கு அந்தப் பக்கம் நிக்கிறான். அவன் கூடப் பொறந்தவ நான் இங்க இருக்கேன்ல? ஒம் பொறந்த வீட்டுக்கு இந்த நாட்டுல நான்தான் ஆளு. ஆடி முடியிற வரைக்கும் நான் ஒனக்கு மாமியாரு இல்ல. ஒங்கப்பன் வீட்டு மனுஷி."

சொன்னபடியே செய்தது. அந்தச் சில நாளும் மூன்று வேளையும் சோறு கொண்டுவந்து, பக்கத்தில் உட்கார்ந்து, பிறந்த வீட்டுப் பெண்ணுக்குப் பரிமாறுவதுபோல் பரிமாறியது. மாமியாரைப் பற்றி என்னிடமே குறை சொன்னது. "அவ ஒரு பிடிவாதக்காரி, நீதான் பொறுத்துப் போவணும்" என்றது. நான் சிரித்துச் சிரித்துப் புரையேறினேன். வந்த அன்று எனக்கு இருந்த ஆத்திரம் எங்கே போனதென்றே தெரியவில்லை. ஆவணி முதல் தேதி காலையில், தன் காம்பராவுக்குத் திரும்பி ஓடி, வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்று, மாமியாராக என்னை உள்ளே கூப்பிட்டது.

நடுவில் மச்சான் தினமும் வேலை முடிந்து பிள்ளைக் காம்பராவுக்குப் பயண விவரம் கேட்க வருவார். அதிகம் பேசாத மனுஷருக்குக் கேட்க அவ்வளவு இருந்தது. ஆயாவுக்கு அந்த நேரம் பார்த்து வெளியில் வேலை வந்துவிடும்.

ஆவணியில் என் டிரங்குப் பெட்டி வந்தது. அப்பா தான் பார்த்த நல்ல நாளிலேயே அதைத் தனுஷ்கோடிக்கு எடுத்துப் போய், மலைக்குத் திரும்புகிற ஒருவரிடம் கொடுத்து அனுப்பியிருந்தார். பெட்டியின் மேல் மஞ்சள் குங்குமம் வைத்திருந்தார். அவர் கோபம் அதோடு தீர்ந்தது என்று தெரிந்துகொண்டேன்.

அடுத்த சித்திரை முடியப் போகிற நேரத்தில் எனக்குப் பெண் பிறந்தது. லயத்துப் பெண்கள் விரலை மடக்கத் தொடங்கினார்கள். அத்தை குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு அவர்களைப் பார்த்துச் சொன்னது: "என்னாத்துக்குக் கணக்குப் பாக்குறீங்க? இது ஆவணிப் புள்ளதான். ஆத்தா மாதிரி, தேதி முடியிற வரைக்கும் பொறுக்காமக் கெளம்பி வந்துருச்சு."

பாஸ்போர்ட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் வந்து சேர்ந்த கையோடு மச்சான் அதைக் கண்டிக்குக் கொண்டுபோனார். புதுப்பித்துக் கொடுத்தார்கள், இங்கே இருக்கலாம் என்றும் எழுதி வாங்கினோம். ஆனால் திரும்பி வருகிற அனுமதி மட்டும் கிடைக்கவில்லை. போனால் போனதுதான் என்றார்கள். நிறைய ஆயுசு உள்ள பாஸ்போர்ட் பெட்டியில் கிடந்தது, நான் மலையில் கிடந்தேன். ஒவ்வொரு ஆடிக்கும் எனக்குக் கால் தரிக்காது. கொழுந்து பறிக்கிற கை பறித்துக்கொண்டிருக்கும், மனசு திருச்சி ஜங்ஷனில் நிற்கும். அம்மா பழத்தைத் தின்னச் சொன்னாள். நான் அழுகிற அழுகையில் அவளைத் தின்னச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை, கோயிலுக்கென்று வந்தவள், பட்டினியாகத்தான் திரும்பிப் போயிருப்பாள்.

மச்சான் வருஷம் தவறாமல் மனு எழுத வைத்தார். எத்தனையோ தடவை திரும்பி வந்த மனு, ஒரு பங்குனியில் முத்திரையோடு வந்தது. பெரிய கிளாக்கருக்கு அப்போது தலை நரைத்துவிட்டது. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பழைய தவறு மறுபடி வந்துவிடக் கூடாதென்று, ஒரு எழுத்து விடாமல் படித்தார். பொடி வரியை இரண்டு தடவை படித்துத் தமிழில் சொன்னார்.

"இந்தத் தடவ ஒரு கொறையும் இல்லம்மா. பாஸ்போர்ட்டுல வருஷக்கணக்கா நாள் இருக்கு. போயிட்டு நிம்மதியா இருந்துட்டு வரலாம். எப்பப் போற ஒங்கம்மா வீட்டுக்கு?"

அம்மா அதற்கு முந்தின மாசம், மாசியிலேயே போய்ச் சேர்ந்துவிட்டாள். அது அவர் காதுக்கு எட்டவில்லை. அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். எனக்குச் சொல்ல வாய் வரவில்லை.

"ஆடி வரட்டும் ஐயா" என்றேன்.